துணை மீட்டர்களின் கடிகாரத்தைத் தானாகத் திருத்துவது எப்படி: வடசென்னைத் தொழிற்கூடங்களுக்கான வழிகாட்டி

மணலியின் வேதித் தொழிற்சாலைகள், வியாசர்பாடியின் பட்டறைகள், காசிமேட்டின் ஐஸ் பேக்டரிகள் எனப் பல இடங்களில் இன்று ஒவ்வொரு பேனல் போர்டிலும் ஒரு டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது. எந்த கம்ப்ரசர் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுத்தது என்பதை அது 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதி வைக்கிறது. அளவு சரியாக இருந்தாலும் அதன் பக்கத்தில் எழுதப்படும் நேரம் தவறாக இருந்தால், அந்தப் பதிவை மின்வாரியத்தின் பில்லோடும், ஷிப்ட் கணக்கோடும், ஜெனரேட்டர் ஓடிய நேரத்தோடும் ஒப்பிடவே முடியாது. மீட்டர்களின் கடிகாரத்தை ஒரு கணினி நாள்தோறும் தானாகச் சரிபார்த்துத் திருத்தும் ஏற்பாட்டை, இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். லினக்ஸ் கணினியில் ஓரளவு பழக்கமும், பைத்தான் மொழியில் தொடக்க நிலை அறிவும் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஓர் எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். வளாகத்தின் முகப்பில் சீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும் ஈபி மீட்டர் மின் பகிர்மானக் கழகத்துக்கு உரியது. அதன் கடிகாரம் தவறாக ஓடுவதாகத் தெரிந்தால், எழுத்து மூலமாக உங்கள் பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமே தவிர, எந்த வழியிலும் அதைத் தொடக் கூடாது. உரிமம் பெற்றவரின் மீட்டரில் குறுக்கிடுவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி குற்றம். இந்தக் கட்டுரை பேசுவது நீங்களே வாங்கி, உங்கள் பீடர்களில், அதாவது பேனலிலிருந்து பிரிந்து செல்லும் மின்கிளைகளில், பொருத்தியிருக்கும் துணை மீட்டர்களைப் பற்றி மட்டுமே.

கடிகாரம் ஏன் பின்தங்குகிறது

மீட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தின் இதயம் ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாதாரணப் படிகத்தின் துல்லியம் பத்து லட்சத்தில் 20 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 1.7 நொடி வரை முன்னோ பின்னோ போகலாம். வெப்பம் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வகைப் படிகம் ஏறத்தாழ 25 டிகிரியில்தான் தன் இயல்பான வேகத்தில் அதிர்கிறது. அதற்கு மேலே சென்றாலும் கீழே சென்றாலும் வேகம் குறையவே செய்கிறது, அந்தக் குறைவும் வெப்ப வேறுபாட்டின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது. மே மாதத்தில் தகரக் கூரையின் கீழே மூடிக் கிடக்கும் ஒரு பேனலுக்குள் 50 டிகிரி இருந்தால், வெப்பத்தால் மட்டுமே நாளுக்கு ஏறத்தாழ 1.8 நொடி பின்தங்கும். வெப்பத்தைக் கணக்கிட்டுத் தானே ஈடுசெய்துகொள்ளும் கடிகாரம் கொண்ட மீட்டர்களும் உண்டு என்றாலும், விலை குறைந்த பேனல் மீட்டர்களில் அதை எதிர்பார்க்க இயலாது.

நாளுக்கு 3 நொடி என்பது சிறியதாகத் தோன்றலாம். ஒரு மாதத்தில் அது 90 நொடியாகிவிடும். 200 கிலோவாட் சுமை ஒன்று சரியாக 9 மணிக்கு ஓடத் தொடங்குகிறது, அதை அளக்கும் மீட்டர் 90 நொடி பின்தங்கியிருக்கிறது என்று கொள்வோம். முதல் 90 நொடியில் செலவான 5 யூனிட், 8.45 முதல் 9 மணி வரையிலான பகுதியில் போய் விழுந்துவிடும். அந்தச் சுமை 15 நிமிடத்தில் செலவழிப்பது 50 யூனிட் என்பதால், பத்தில் ஒரு பங்கு தவறான இடத்தில் பதிவாகிறது. உச்ச நேரத்தில் மின்சாரத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தும் உயரழுத்த நுகர்வோர், பல பீடர்களின் பதிவுகளைக் கூட்டி மாத உச்சத் தேவை எந்த நிமிடத்தில் ஏற்பட்டது என்று தேடும்போது, ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொரு நேரத்தைச் சொன்னால் அந்த உச்சத்தைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போகிறது.

மெல்லப் பின்தங்குவது ஒரு வகை என்றால், ஒரேயடியாகத் தவறிப்போவது இன்னொரு வகை. மீட்டரின் உள் பேட்டரி வலுவிழந்திருக்கும்போது மின்சாரம் நீண்ட நேரம் நின்றால், கடிகாரம் தன் தொடக்கத் தேதிக்கே திரும்பிவிடும். பல மீட்டர்களில் அது 2000ஆம் ஆண்டின் முதல் நாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாள்களுக்குப் பின்பு எந்த மீட்டர் எந்த ஆண்டில் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாக நடந்து சென்று பார்ப்பதற்குப் பதிலாக, ஒரே பட்டியலில் பார்க்க முடிவது பெரிய உதவி.

முதற்படி: கணினியின் நேரத்தை உறுதிசெய்தல்

மீட்டருக்கு நேரம் சொல்லப்போவது உங்கள் கணினி. அதன் நேரம் தவறாக இருந்தால், ஒரு மீட்டரில் இருந்த பிழையை எல்லா மீட்டர்களுக்கும் பரப்பும் கருவியாக உங்கள் ஸ்கிரிப்ட் (இந்த வேலைக்காக நீங்கள் எழுதப்போகும் சிறு பைத்தான் நிரல்) மாறிவிடும். எனவே இந்தப் படியில்தான் அதிக கவனம் தேவை.

லினக்ஸில் குரோனி என்ற நேர ஒத்திசைவு நிரலை நிறுவி, அதற்கு இந்திய நேர வழங்கிகளைக் கொடுங்கள். இந்திய சீர் நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது. அந்த ஆய்வகமும் தேசிய தகவலியல் மையமும் இணையத்தின் வழியே நேரம் வழங்குகின்றன. நிறுவனங்கள் தங்கள் கணினிகளை இந்த வழங்கிகளோடு, அல்லது இவற்றைப் பின்பற்றும் வழங்கிகளோடு ஒத்திசைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டுள்ளது. தொழிற்சாலையின் ஃபயர்வால் யுடிபி 123ஆம் போர்ட்டை அடைத்திருந்தால் நேரம் வந்து சேராது. அதைத் திறந்துவிடுமாறு வலையமைப்புப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

நேர மண்டலத்தை 'ஆசியா/கொல்கத்தா' என்று அமைக்க வேண்டும். விண்டோஸின் பட்டியலில் சென்னையின் பெயர் கொல்கத்தா, மும்பை, புதுதில்லியோடு சேர்ந்து வரும். லினக்ஸின் பட்டியலில் சென்னை என்று தேடினால் கிடைக்காது. இரண்டும் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கும் ஒரே மண்டலம்தான்.

இந்த வேலைக்குப் பலரும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நல்ல தேர்வுதான். ஆனால் அதன் நான்காம் தலைமுறை வரையிலான பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தபின் அது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும், இணையம் கிடைத்த பிறகே உண்மையான நேரத்தை அறியும். ஐந்தாம் தலைமுறைப் பலகையில் கடிகாரம் உண்டு என்றாலும், பேட்டரியைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். பழைய பலகைக்கு டிஎஸ்3231 என்ற கடிகாரத் துணைப்பலகை பொருத்தமானது. அறை வெப்பநிலையில் அதன் துல்லியம் பத்து லட்சத்தில் 2 பங்கு என்பதால், இணையம் சில நாள் இல்லாவிட்டாலும் சமாளிக்கும்.

எந்தக் கருவி என்றாலும் விதி ஒன்றுதான்: ஒத்திசைவு நடந்திருக்கிறது என்று குரோனி உறுதி கூறாதவரை, ஸ்கிரிப்ட் எந்த மீட்டரிலும் ஒரு எண்ணைக்கூட எழுதாமல் வெளியேற வேண்டும். குரோனியின் 'டிராக்கிங்' அறிக்கையில் நிலை 'நார்மல்' என்றும், விலகல் பத்தில் ஒரு நொடிக்குக் குறைவாகவும் இருக்கிறதா என்பதை ஸ்கிரிப்டின் முதல் வரிகளே சோதிக்கட்டும்.

இரண்டாம் படி: மீட்டரைப் புரிந்துகொள்ளுதல்

முதலில் மீட்டரின் கையேட்டை எடுத்து, அது இணையவழி நேரத்தைத் தானே பெறக்கூடியதா என்று பாருங்கள். ஈதர்நெட் இணைப்புள்ள மீட்டர்கள் பலவற்றில் அந்த வசதி உண்டு. இருந்தால் உள் வலையமைப்பில் உள்ள உங்கள் குரோனி கணினியின் முகவரியை அதில் கொடுத்துவிடுங்கள். அந்த மீட்டருக்கு எழுதும் ஸ்கிரிப்ட் தேவையில்லை, கண்காணித்தால் போதும்.

மற்றவை பெரும்பாலும் ஆர்எஸ்-485 என்ற தரவு இணைப்புக் கம்பியில், தொழிற்சாலைக் கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் மாட்பஸ் என்ற நெறிமுறையைப் பேசும் மீட்டர்களாக இருக்கும். இதில் ஒவ்வொரு மீட்டருக்கும் 1 முதல் 247 வரை ஓர் எண் உண்டு. கையேட்டின் ரிஜிஸ்டர் (மீட்டர் ஒவ்வொரு எண்ணையும் வைத்திருக்கும் நினைவக இடம்) பட்டியலில் கடிகாரம் எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். சிலவற்றில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவை ஆறு ரிஜிஸ்டர்களில் வரிசையாக இருக்கும். சிலவற்றில் 1970 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கை இரண்டு ரிஜிஸ்டர்களில் இருக்கும், அவற்றில் எது முன்னே எது பின்னே என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இன்னும் சில, ஒரு கட்டளை ரிஜிஸ்டரில் குறிப்பிட்ட எண்ணை எழுதிய பிறகே நேரத்தை ஏற்கும். கடவுச்சொல் கேட்பவையும் உண்டு. கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருக்கும் முகவரியை நிரலில் 0 என்று எழுத வேண்டியிருக்கலாம். விடை வராமல் பிழைக் குறியீடு 2 வந்தால், பெரும்பாலும் இந்த ஓர் எண் வேறுபாடே காரணம்.

நேர மண்டல அமைப்பு தனிக் கவனம் கேட்பது. ஈபி மீட்டர் இந்திய நேரத்தில் ஓடுவதால், துணை மீட்டர்களும் இந்திய நேரத்தையே காட்டுவது நல்லது. சில மீட்டர்கள் உலகப் பொது நேரத்தை வாங்கிக்கொண்டு தாமே 5.30 மணியைக் கூட்டிக்கொள்ளும். வேறு சில முழு மணிகளை மட்டுமே ஏற்பதால், நம் அரை மணிக்கு அவற்றில் இடமிராது. அப்படிப்பட்டவற்றில் மண்டலத்தைச் சுழியம் என்று வைத்து, இந்திய நேரத்தை நேரடியாக எழுதுங்கள். வெளிநாட்டு மீட்டர்களில் கோடைக்கால நேர மாற்றம் என்ற வசதி இயங்கு நிலையில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரம் தானாக ஒரு மணி நேரம் தாவும்.

மாட்பஸுக்குப் பதிலாக மின் மீட்டர்களுக்கென்றே உள்ள டிஎல்எம்எஸ் என்ற நெறிமுறையைப் பேசும் மீட்டர் என்றால், கடிகாரம் 0.0.1.0.0.255 என்ற பெயருள்ள பொருளில், 8ஆம் வகுப்பின்கீழ் இருக்கும். அதில் படிப்பதற்கு ஓர் அனுமதி நிலையும், மாற்றுவதற்கு அதைவிட உயர்ந்த அனுமதி நிலையும் தனித்தனியே உண்டு. நேரத்தோடு சேர்த்து மண்டல விலகல் 330 நிமிடம் என்றும் அனுப்பப்படும். அதன் முன் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதில் மீட்டர்கள் ஒத்துப்போவதில்லை என்பதால், முதலில் படித்துப் பார்த்து, அதே குறியையே திருப்பி எழுதுவது பாதுகாப்பானது. குரக்ஸ் என்ற திறந்த மூல நூலகம் இதற்கு உதவும். இனி வருபவை மாட்பஸை மையமாகக் கொண்டவை, ஆனால் முறை இரண்டுக்கும் பொதுவானது.

மூன்றாம் படி: கம்பியும் வரிசையும்

எண்ணூர், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று டெர்மினல்களை அரிக்கிறது. கம்பி ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்குத் தொடராகச் செல்ல வேண்டும், இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும், முறுக்கப்பட்ட இணைக் கம்பியின் உறை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யப்பட வேண்டும். ஸ்கிரிப்டைக் குறை சொல்லும் முன் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள்.

ஆர்எஸ்-485 கம்பியில் மாட்பஸ் ஆர்டியு (மாட்பஸின் சீரியல் கம்பி வடிவம்) முறையில் கேள்வி கேட்பவர் ஒருவரே இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு எனர்ஜி மானிட்டரிங் மென்பொருள் அதே கம்பியில் மீட்டர்களைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் ஸ்கிரிப்டும் இடையில் பேசத் தொடங்க, இரண்டின் செய்திகளும் மோதிச் சிதையும். இதற்குச் சரியான தீர்வு, கம்பியை ஒரு கேட்வே கருவியில் இணைத்து, மென்பொருளும் ஸ்கிரிப்டும் அந்தக் கேட்வேயிடம் ஈதர்நெட் வழியே கேட்பது. கேட்வே அவற்றை வரிசைப்படுத்தி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். மாட்பஸின் 502ஆம் போர்ட்டில் கடவுச்சொல் என்ற பாதுகாப்பே கிடையாது என்பதால், அந்தக் கேட்வேயை எக்காரணம் கொண்டும் இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.

நான்காம் படி: படிக்க மட்டும் செய்யும் ஸ்கிரிப்ட்

எழுதும் ஆசையைச் சில வாரங்களுக்கு ஒத்திப்போடுங்கள். முதலில் மீட்டர்களின் நேரத்தைப் படித்து, விலகலைப் பதிவுசெய்யும் ஸ்கிரிப்டை மட்டும் ஓடவிடுங்கள். பைத்தானில் பைமாட்பஸ் அல்லது மினிமல்மாட்பஸ் நூலகம் போதும். மீட்டர்களின் எண், பெயர், கடிகார வடிவம், ரிஜிஸ்டர் முகவரி ஆகியவற்றை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள். நாளை ஒரு மீட்டரை மாற்றும் எலக்ட்ரீஷியன் நிரலைத் தொடாமலே பட்டியலைத் திருத்த முடிய வேண்டும்.

விலகலைக் கணக்கிடும் முறை எளிது. கேள்வி அனுப்பும் கணத்தையும் விடை வந்த கணத்தையும் கணினி குறித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை மீட்டர் சொன்ன நேரத்திலிருந்து கழித்தால் விலகல் கிடைக்கும். மீட்டர் முழு நொடிகளை மட்டுமே சொல்வதால் இதில் ஒரு நொடி வரை தெளிவின்மை இருக்கும், இந்த வேலைக்கு அது போதுமானது. விடை வர இரண்டு நொடிக்கு மேல் ஆனால் அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு மறுபடி கேளுங்கள்.

ஒவ்வொரு அளவீட்டையும் தேதி, மீட்டர் பெயர், விலகல் என்று ஒரு வரியாகக் கோப்பில் சேர்த்துவையுங்கள். சில வாரங்களில் அந்தக் கோப்பு நிறையச் சொல்லும். நாளுக்கு ஒரே சீராகப் பின்தங்கும் மீட்டர் நலமாக இருக்கிறது. ஒவ்வொரு மின்தடைக்குப் பின்பும் தாவும் மீட்டரின் பேட்டரி முடிந்துவிட்டது. எல்லா மீட்டர்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவு தவறியதாகத் தெரிந்தால், தவறு மீட்டர்களில் இல்லை, உங்கள் கணினியில்தான். இந்தக் கடைசி அடையாளத்தை ஸ்கிரிப்டுக்குள் ஒரு விதியாகவே எழுதிவிடுங்கள்: பாதிக்கு மேற்பட்ட மீட்டர்கள் ஒரே அளவு பெரிய விலகலைக் காட்டினால் எதையும் எழுதாமல் நிற்க வேண்டும். குரோனி தரும் உறுதியோடு இந்தச் சோதனையும் சேரும்போதுதான் இரவில் நிம்மதியாக அதைத் தனியே ஓடவிட முடியும்.

ஐந்தாம் படி: எழுதும் விதிகள்

இரண்டு நொடிக்குக் குறைவான விலகலைத் தொடாதீர்கள். ஒவ்வொரு திருத்தமும் பல மீட்டர்களின் நிகழ்வுப் பட்டியலில் ஒரு வரியாகப் பதிவாகும், தேவையற்ற திருத்தங்கள் அந்தப் பட்டியலை நிரப்பி முக்கியமான நிகழ்வுகளை வெளியே தள்ளிவிடும். இரண்டு நொடி முதல் ஒரு நிமிடம் வரையிலான விலகலை ஸ்கிரிப்ட் தானே திருத்தலாம். அதற்கும் மேற்பட்டதைத் திருத்தாமல், பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் மட்டும் அனுப்பட்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் தவறியிருக்கும் கடிகாரத்துக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது, அதை மனிதர் ஒருவர் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். தவிரவும், பெரிய தாவல் சில மீட்டர்களில் சேமித்த சுமைப் பதிவுகளையே குழப்பிவிடும். அத்தகைய மீட்டரில் முதலில் பதிவுகளை இறக்கி எடுத்துவிட்டு, பிறகே நேரத்தை மாற்ற வேண்டும்.

திருத்தும் கணத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். கால்மணி எல்லையின் அருகே நேரத்தைப் பின்னே தள்ளினால் ஒரே பகுதி இரண்டு முறை பதிவாகும், முன்னே தள்ளினால் ஒரு பகுதி குறுகிவிடும். நள்ளிரவில் நாள் கணக்கு முடிவதால் அந்த நேரமும் வேண்டாம். அதிகாலை 3.37 பொருத்தமானது. 15 நிமிடப் பகுதியின் நடுவில் இருக்கிறது, 30 நிமிடப் பகுதியாக இருந்தாலும் எல்லையிலிருந்து போதிய தொலைவில் இருக்கிறது.

ஆறு ரிஜிஸ்டர்களையும் மாட்பஸின் 16ஆம் செயல்பாட்டின் மூலம் ஒரே செய்தியில் எழுதுங்கள். மணியை ஒரு செய்தியிலும் நிமிடத்தை அடுத்த செய்தியிலும் எழுதினால், இரண்டுக்கும் இடையே மணி மாறும்போது முழுதாக ஒரு மணி நேரம் பிழையாகிவிடும். அடுத்த நொடி தொடங்கும் வரை காத்திருந்து, அந்த நொடியின் எண்ணை அனுப்புங்கள். 9600 வேகத்தில் இந்த 21 பைட் செய்தி போய்ச்சேர ஏறத்தாழ 22 மில்லி நொடியே ஆகும் என்பதால் பயண நேரத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எல்லா மீட்டருக்கும் ஒரே நேரத்தில் போகும் 0 என்ற பொது முகவரி மாட்பஸில் உண்டு. ஆனால் அதற்கு எந்த மீட்டரும் விடையளிக்காது, யார் ஏற்றார் யார் ஏற்கவில்லை என்பதும் தெரியாது. ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியே எழுதி, ஐந்து நொடி கழித்துத் திரும்பப் படித்து, புதிய விலகலையும் பதிவு செய்யும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். திரும்பப் படித்ததில் மாற்றம் இல்லையென்றால் மீண்டும் மீண்டும் எழுதாமல், அந்த மீட்டரைக் குறித்து எச்சரிக்கை அனுப்பிவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

ஆறாம் படி: கால அட்டவணை

லினக்ஸின் கிரான் அட்டவணையில் இரண்டு வரிகள் போதும். படிக்கும் ஸ்கிரிப்டுக்கு '7 * * * *' என்று கொடுத்தால் ஒவ்வொரு மணியின் ஏழாம் நிமிடத்திலும் ஓடும். திருத்தும் ஸ்கிரிப்டுக்கு '37 3 * * *' என்று கொடுங்கள். ஐந்து இடங்களும் முறையே நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை ஆகியவற்றைக் குறிக்கும். கிரான் ஓடும்போது உங்கள் முனையத்தின் சூழல் அமைப்புகள் இருக்காது என்பதால், பைத்தான் இருக்கும் இடத்தையும் ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தையும் முழுப் பாதையாக எழுத வேண்டும். கையால் ஓட்டும்போது சரியாக வேலை செய்து, கிரானில் மட்டும் மௌனமாக இருக்கும் ஸ்கிரிப்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முந்தைய ஓட்டம் முடியாமலிருக்கும்போது அடுத்தது தொடங்காதிருக்க, 'எஃப்லாக்' கட்டளையால் பூட்டிவிடுங்கள். ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தில் ஓட வேண்டியதில்லை. சீரியல் போர்ட்டைப் பயன்படுத்துபவர் 'டயல்அவுட்' குழுவில் இருந்தால் போதும்.

விண்டோஸ் கணினி மட்டுமே இருந்தால் டாஸ்க் ஷெட்யூலரில் இதே நேரங்களை அமைக்கலாம். கணினி உறக்க நிலைக்குப் போகாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, ஸ்கிரிப்ட் ஓடாமல் போவதையும் யாராவது அறிய வேண்டும். பிழை வந்தால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாட்டில், கணினியே செத்துப்போனால் எந்த மின்னஞ்சலும் வராது, எல்லாம் நலம் என்றே தோன்றும். ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் மீட்டர்களின் விலகல் பட்டியலை ஷிப்ட் பொறுப்பாளருக்கு அனுப்பச் செய்யுங்கள். அந்தப் பட்டியல் வராத திங்கட்கிழமையில் யார் போய் எந்தப் பேனலைப் பார்க்க வேண்டும் என்பதையும், மீட்டர்களின் எண், கடவுச்சொல் இருக்குமிடம், பேட்டரி மாற்றிய தேதி ஆகியவற்றையும் ஒரே தாளில் எழுதி, மெயின் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள்.